பக்கத்து வீட்டுச் சங்கு

கடல் கடந்து வந்து செவன் ஹில்ஸில் நாங்கள் குடிவந்த முதல் கிழமையே அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார், பக்கத்து வீட்டுக்காரர் சங்கு ஊதுகிறார் என்று.

அது ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கிய வீடு. ஒரு பாதியில் நாங்கள், மறுபாதியில் அவர். குசினி அலுமாரிக்கு மேலே இருந்த முருகன் படத்துக்கு முன்னால் அம்மா விளக்கேற்றிக்கொண்டிருந்த நேரம், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் எழுந்தது. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி ஒரே தாழ்ந்த நாதம், இனி முடியாதோ என்று நினைக்கும்வரை நீண்டு, பிறகு நின்றது. அம்மாவின் கையிலிருந்த நெருப்புக்குச்சி விரல்வரை எரிந்துவிட்டது.

"ஆற்றை வீட்டிலை?" என்றார் அம்மா, அப்பாவைப் பார்த்து.

யார் வீட்டில் என்ற அந்தக் கேள்விக்கு ஊரில் ஒரே அர்த்தம்தான். எங்கள் பக்கத்தில் சங்கும் சேமக்கல மணியும் சேர்ந்து கேட்டால், ஏதோ ஒரு வீட்டிலிருந்து யாரையோ சுடலைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். நாங்கள் விமானம் ஏறுவதற்குச் சில மாதம் முன்னர் அப்பப்பாவைப் பாடையில் கொண்டுபோனபோது நானே அதைக் கேட்டிருந்தேன். அன்று காதைப் பொத்தியும் அது உள்ளே வந்தது.

அப்பா விசாரிக்கப் போய்ச் சிரித்தபடி திரும்பி வந்தார். "அது சங்கில்லை. சாக்ஸபோன். மனுசன் பழகிறார்."

"இந்த வயசிலையோ பழகிறார்? பேர் என்னெண்டாலும் ஊதுற நேரம் சரியில்லை" என்றார் அம்மா. தொழிற்சாலையில் பெரிய பெரிய இயந்திரங்களுக்குப் பதில் சொல்லுகிற மனிதர், அம்மாவிடம் மட்டும் எப்போதும் தோற்றார்.

அம்மா அப்போது பிள்ளைத்தாச்சி. எனக்குப் பிறகு தங்கிய ஒன்று முகம் காட்டாமலே போய்விட்டதாம். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. எட்டு வயதுப் பிள்ளை நித்திரை என்று நினைத்துப் பெரியவர்கள் கதைப்பதெல்லாம் எட்டு வயதுப் பிள்ளைக்குத்தான் முதலில் கேட்கும். இந்த முறையாவது தங்கவேண்டும் என்றால் எழும்பாமல் படுத்திருக்க வேண்டும் என்று இங்கத்தைய டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அம்மாவின் கட்டில் போடக்கூடிய ஒரே இடம் அந்தச் சுவரோரம்தான். பின்னேரமானால் அந்த நாதம் சுவரைத் தாண்டி அம்மாவின் வயிற்றில் போய் முட்டும். அம்மா இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு "முருகா, முருகா" என்பார். கட்டிலின் கால்மாட்டில் இருந்து நான் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் ஊதி ஊதி யாரையோ கூப்பிடுகிறார், கூப்பிட்டால் போகக்கூடிய ஆள் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது என்று எனக்கு விளங்கிவிட்டது.

அவரைக் கண்டாலும் பயம்தான். நெடுவல், மெலிவு, கூனிய முதுகு. காலையில் வாசலில் வைத்த பால் போத்தலை எடுக்க வருவார். நாலு எட்டு வைத்துவிட்டு நின்று, வேலியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவார். என்னைக் கண்டால் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்லுவார். நான் உள்ளே ஓடி விடுவேன். சனிக்கிழமைகளில் தலைமயிர் வளர்த்த பொடியள் அவரிடம் வருவார்கள். ஒவ்வொருவன் கையிலும் ஒரு கறுப்புப் பெட்டி. குழந்தையை வைக்கிற அளவுப் பெட்டி என்றுதான் எனக்குப் பட்டது. உள்ளே போனதும் முதலில் ஒவ்வொருவனாக அதே ஒற்றை நாதத்தை ஊதுவான். யாராவது அவசரப்பட்டு வேகமாக எதையாவது வாசிக்கத் தொடங்கினால் கிழவர் நிறுத்திவிடுவார். மறுபடியும் அதே நாதம். தனக்குப் பிறகு இந்த வேலையைப் பார்க்க ஆள் தயார் பண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். பார்க்கப்போனால் அது முழுப் பிழையும் இல்லை.

ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வந்தபோது அம்மா கட்டிலில் இல்லை. குசினி நிலத்தில், கதிரைக் காலைப் பிடித்தபடி கிடந்தார். முகம் வேர்த்து வெளிறியிருந்தது.

"பிள்ளை, ஆரையாவது கூட்டிக்கொண்டு ஓடி வா" என்றார்.

அப்பா வேலையில். எங்கள் வீட்டில் டெலிபோன் இல்லை. முன்வீட்டில் தட்டினேன், ஆளில்லை. அதற்கடுத்த வீட்டில் நாய்தான் குரைத்தது. தெருவின் நடுவில் நின்றேன். அப்போதுதான் சங்கு கேட்டது. அன்றைக்கு வழக்கத்தைவிட நேரத்தோடு தொடங்கிவிட்டார்.

கூப்பிட வேண்டியவரும் அவர்தான், கூப்பிடக் கூடாதவரும் அவர்தான். அவரிடம் போய் அம்மா கிடக்கிற கிடையைச் சொன்னால், இங்கே ஆள் தயார் என்று நானே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். போகாவிட்டால் அம்மா நிலத்தில் கிடப்பார். அழுதுகொண்டே போய் அவருடைய கதவில் இரண்டு கையாலும் அடித்தேன்.

கதவு திறந்தது. கழுத்தில் பட்டியில் தொங்கியபடி அந்தப் பித்தளைச் சாமான். கீழுதட்டில் அழுந்திய சிவப்புக் கோடு. நெஞ்சு ஏறி இறங்கி விசில் மாதிரிச் சத்தம் போட்டது. வகுப்பில் படித்த ஆங்கிலம் முழுவதும் அந்த வாசலில் என்னைக் கைவிட்டுவிட்டது.

"இப்ப ஊதாதேங்கோ. அம்மா இன்னும் இருக்கிறா" என்றேன், சுத்தத் தமிழில்.

அவருக்கு என்ன விளங்கியதோ தெரியாது. எங்கள் வீட்டுத் திறந்த கதவைப் பார்த்தார். பிறகு, மூச்சு வாங்க வேலியைப் பிடிக்கிற அந்த மனிதர், எனக்கு முன்னால் ஓடினார். அம்மாவைத் தாங்கிப் பிடித்துத் தன்னுடைய பழைய காரின் முன் இருக்கையில் இருத்தினார். ஸ்டியரிங்கில் இடித்தபோதுதான் சாக்ஸபோன் இன்னும் கழுத்தில் கிடப்பது அவருக்குத் தெரிந்தது. கழற்றிப் பின்னால் என் பக்கத்தில் வைத்தார்.

ஆஸ்பத்திரி வரைக்கும் சங்கும் நானும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து போனோம். அதன் வாய் என்னைப் பார்த்துத் திறந்திருந்தது. முன்னால் அம்மா முனகிக்கொண்டிருந்தார். வழியில் அது தானாகச் சத்தம் போட்டுவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று நம்பினேன். பள்ளிக்கூட ஸ்வெட்டரைக் கழற்றி அதன் வாய்க்குள் திணித்து, மேலே இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டே போனேன். கண்ணாடியில் அவர் என்னைப் பார்த்தார்.

தம்பி நாளாகுமுன்னரே பிறந்தான். தன்னுடைய ஒன்றரை உள்ளங்கை அளவுதான் இருப்பான் என்று அப்பா கையை விரித்துக் காட்டினார். அவனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். அம்மா அங்கேயே தங்கிவிட்டார். அப்பா வேலை முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பும்வரை அடுத்த தெருவில் ஓர் அன்ரி வீட்டில் இருப்பேன். பிறகு எங்கள் வீட்டில், அப்பா வைத்த உப்பில்லாத சோறு. பின்னேரங்களில் சங்கு திரும்பவும் தொடங்கியிருந்தது. ஆனால் முன்னர்போல நீளவில்லை. பாதியில் உடைந்தது, இருமலில் முடிந்தது, மறுபடி தொடங்கியது. அது உடையும்போதெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் தம்பியின் மூச்சு உடைவதாக நினைத்து நானும் மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.

ஒரு பின்னேரம் அது கேட்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. அவர் வீட்டு வாசலில் பால் போத்தல்கள் எடுக்காமல் நின்றன. சங்கு நிற்பதற்கு முதல் நாள்தான் எங்கள் கதவுப் பிடியில் என் ஸ்வெட்டர், தோய்த்து மடித்து, தொங்கியது. நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அந்தக் கிழமைதான் தம்பியை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

வந்தவன் ஓயாமல் அழுதான். தாலாட்டினால் அழுதான், தூக்கினால் அழுதான், கதவு சாத்தினால் வீட்டையே தூக்கினான். அப்படி ஒரு காலையில் தெருமுனையிலிருந்து வாத்தியச் சத்தம் வந்தது. மேளம், குழல்கள், துள்ளித் துள்ளி நடக்கிற தாளம். படுத்திருந்த அம்மாவின் முகம் மலர்ந்தது.

"ஆற்றையோ கலியாணம். வா, பொம்பிளையைப் பாப்பம்" என்றார். தம்பிக்குப் புதுச் சட்டை போட்டு என் கையில் தந்தார். தானும் நல்ல சேலையொன்றைச் சுற்றி, குங்குமம் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். வெள்ளைக்காரர் கலியாணத்துக்கும் நாங்கள் வெறுமையாக நிற்கக் கூடாதல்லவா.

சனிக்கிழமைப் பொடியள்தான் முன்னால் வந்தார்கள். அவர்களோடு நரைத்தவர்கள், ஒரு பெண், தெரியாத பல பேர். எல்லோர் கையிலும் வாத்தியம். வாசித்துக்கொண்டே அழுதார்கள். பின்னால் மெல்ல ஊர்ந்து வந்தது ஒரு நீண்ட கறுப்புக் கார். அதற்குள் பெட்டி. பெட்டியின் மேலே அந்தப் பித்தளைச் சாமான்.

அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். அப்பா வேலியடியில் நின்ற ஒருவரோடு கதைத்துவிட்டு வந்து, தாழ்ந்த குரலில் சொன்னார். "இந்த ஊரிலை உந்த வாத்தியத்தை உப்பிடி வாசிச்ச முதல் ஆள் இவராம். இதெல்லாம் ஒரு பாட்டோ எண்டு ஆக்கள் சிரிச்ச காலமாம். இப்ப வாசிக்கிற ஆக்கள் எல்லாரும் இவரிட்டைப் பழகினவையாம். நெஞ்சு பழுதாப் போனாப் பிறகும் மூச்சை விட்டிடக் கூடாதெண்டு ஒவ்வொரு நாளும் அந்த ஒரு சத்தத்தை மட்டும் ஊதினவராம்."

எனக்கு அதில் ஒன்றும் ஏறவில்லை. சங்கு கடைசியில் அவருடைய வீட்டுக்கே போய்விட்டது, எங்கள் வீட்டுக்கு இல்லை என்ற நிம்மதி மட்டும்தான்.

அப்போது வாத்தியங்கள் நின்றன. அவருடைய வாசலுக்கு நேரே எல்லோரும் திரும்பி நின்று, மூச்சிழுத்து, அந்த ஒற்றை நாதத்தை ஒன்றாக ஊதினார்கள். அத்தனை நாளும் ஒரு சுவருக்கு அப்பால் இருந்தது, இப்போது தெரு முழுவதும். அழுதுகொண்டிருந்த தம்பியின் காதுகளை என் நெஞ்சோடு சேர்த்துப் பொத்தினேன். கேட்டால் போய்விடுவான்.

அவன் அழுகையை நிறுத்தினான். என் கைக்குள்ளிருந்து தலையை நெளித்து விடுவித்துக்கொண்டு, சத்தம் வந்த பக்கம் திரும்பினான். அது முடியும்வரை கண்ணை விரித்துக் கேட்டுக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்த நாள்முதல் அவன் அவ்வளவு அமைதியாக இருந்ததை நாங்கள் கண்டதில்லை. முடிந்ததும் மறுபடி அழத் தொடங்கினான்.

சாவு பிள்ளையை நல்லாய்ப் பார்த்துவிட்டது என்று பயந்து, அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். அம்மாவின் வயிற்றுக்குள் சுவரோரம் கிடந்த அந்த மாதங்களில், எங்கள் எல்லோருடைய குரலையும்விட அதிகமாக அவன் கேட்டிருந்தது அந்த நாதத்தைத்தான் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.