ஸ்டெல்லா மிஸ் பதில் சொல்லாமல் விட்ட கேள்விகள்

மார்ச் ஒன்பதாம் திகதி, காலை 6.20. அண்ணனிடமிருந்து வந்த அழைப்பு: ஒன்று.

முன்பென்றால் அந்நேரத்துக்குள் ஆறேழு வந்திருக்கும். எந்தச் சட்டை போடுவது, இடியப்பமா பாணா, பஸ்ஸில் எந்தப் பக்கம் உட்காருவது. அன்று, "ஸ்டெல்லா மிஸ் ராத்திரி தவறிட்டாங்கடா" என்று மட்டும் சொன்னார். "நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்பார் எனக் காத்திருந்தேன். போனை வைத்துவிட்டார். கேட்காமல் வைத்தது தெளிவா, அல்லது கேட்கக்கூட முடியாமல் ஆள் உடைந்துவிட்டாரா? மிஸ்ஸோடு சேர்த்து, மிஸ் தேற்றிவிட்ட அண்ணனையும் இழந்துவிடுவோமோ என்ற பயத்தோடுதான் பதுளையிலிருந்த மிஸ்ஸின் வீட்டுக்கு மோட்டார் சைக்கிளை விட்டேன்.

மனநல ஆலோசகரான மிஸ்ஸின் அறைக்கு வெளியே இருந்த அந்த ஆடும் பெஞ்சில் என்னோடு உட்கார்ந்திருந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அண்ணனிடம் அனுமதி கேட்டேன். "எழுது. என் பேரைப் போடாத" என்றார்.

எங்கள் வீடு கொஸ்லந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில். அண்ணனுக்கு பெரகலச் சந்தியில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. எந்தப் பெயின்ட் நல்லது என்று யாராவது கேட்டால் உடனே எனக்குப் போன் போடுவார். நான் தேயிலைத் தொழிற்சாலைகளில் தங்கி மோட்டார் பழுது பார்ப்பவன். ஏணியில் நின்றபடி பெயின்ட் விஷயத்தில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். லயத்தில் அவருக்கு நல்ல பெயர். கேட்காமல் ஒரு வாய் தண்ணீர் குடிக்காத பிள்ளை என்பார்கள். அது புகழ்ச்சி இல்லை என்பது, அக்காவின் பிரசவத்துக்கு அம்மா போயிருந்தபோதுதான் தெரிந்தது. சாப்பிடச் சொல்ல ஆள் இல்லாததால் அண்ணன் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. கடையில் மற்றவர்களின் ஞாயிற்றுக்கிழமை வேலையையும் அவரே இழுத்துக்கொண்டிருந்தார். ஏன் என்று கத்தினேன்.

"முடியாதுன்னு சொன்னா விட்டுட்டுப் போயிருவாங்கடா" என்றார். முப்பத்தாறு வயது மனிதர்.

அவரை மிஸ்ஸிடம் கூட்டிப்போனேன். முதல் நாளே நான் நேரடியாகக் கேட்டேன்: பழுது என்ன, எத்தனை நாளில் சரியாகும்? அவர் மாரி பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி, இதற்குச் சார்பு ஆளுமைக் கோளாறு என்று பெயர், ஆனால் அண்ணன் மோட்டார் இல்லை என்றார். யோசனை கேட்பது எல்லோரும் செய்வதுதான், தனியாக விடப்படுவோம் என்ற பயத்தில் சொந்த வாழ்க்கையையே அடுத்தவர் கையில் கொடுத்துவிடுவதுதான் பிரச்சினை என்று விளக்கினார். நான் அடக்கம், வளர்ப்பு என்று ஏதோ சொன்னேன்.

"அடக்கம் வேற, பயம் வேற தம்பி. வெளியில இருந்து பாத்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் தலையாட்டும்."

மாத்திரை கேட்டேன். மனச்சோர்வுக்கு வேண்டுமானால் டாக்டர் கொஞ்ச நாள் கொடுப்பார், முடிவெடுப்பதற்கு மாத்திரை கிடையாது என்றார். பிறகு பிஸ்கட்டை என் பக்கம் நீட்டி, அண்ணன் கேட்டு முடிப்பதற்குள் நான் பதில் சொல்லிவிடுவதாகவும் அதை நிறுத்தினால்தான் சிகிச்சை ஆரம்பிக்கும் என்றும் சொன்னார். வைத்தியம் அண்ணனுக்கு, பத்தியம் எனக்கு.

நான் நிறுத்தினேன். அண்ணன் மிஸ்ஸுக்குப் போன் போட ஆரம்பித்தார். மிஸ்ஸிடம் ஒரே பதில்தான்: "நீங்க என்ன நினைக்கிறீங்க?" ஒருநாள் எந்த பஸ்ஸில் வருவது என்று கேட்டு அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு, பெரகலையில் மூன்று பஸ்ஸைப் போகவிட்டு, நான்காவதில் ஏறி, நேரம் முடியும்போது வந்து சேர்ந்தார். நான் அரை நாள் லீவு போட்டிருந்தேன். மிஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்து, இன்றைய பயிற்சி முடிந்தது, போய் வரலாம் என்றார். எனக்குக் கோபம், நாலாவது பஸ் தப்பான பஸ் என்றேன்.

"சரியா முடிவெடுக்க நான் பழக்கல தம்பி. தப்பா முடிவெடுத்துட்டு, அப்புறமும் நல்லா இருக்கப் பழக்குறேன்."

அடுத்து, வாரத்துக்கு ஒருவரிடம் 'முடியாது' சொல்ல வேண்டும் என்று வேலை கொடுத்தார். யாரிடம் சொல்வது என்று அண்ணன் என்னைக் கேட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு வாயைத் திறக்கவில்லை. அந்த ஞாயிறு, ஏணியைப் பிடிக்க அவரைக் கூப்பிட்டேன். "முடியாது" என்றார். ஆத்திரத்தில் மிஸ்ஸை அழைத்து முறையிட்டேன். அவர் சிரித்து முடிக்க நேரமானது.

சிகிச்சையின் கடைசி நாள் எது என்பதை மிஸ் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். தன்னையும் ஒருவர் பிடித்துத் தொங்கக்கூடாது என்பதில் கறாரானவர். அன்று அண்ணன், இனியும் வரலாமா என்றார். தேவையா என்று மிஸ் கேட்டார். அண்ணன் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, தேவைப்பட்டால் வருகிறேன் என்றார். மிஸ் இரண்டு பிஸ்கட்டை ஒன்றாகச் சாப்பிட்டார்.

இறுதிச்சடங்கன்று மழை. கூடாரத்துக்குள் பெஞ்ச் ஆட்கள் எல்லோரும் இருந்தோம். ஸ்பிரிங்வெளியிலிருந்து சொந்தக்காரர்கள் இன்னும் வந்து சேரவில்லை. பெட்டியை மூடலாமா, காத்திருக்கலாமா என்று மிஸ்ஸின் தங்கை வந்து கேட்டார். ஒருவர், "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றார். தங்கை அடுத்தவரைப் பார்த்தார். அவரும் அதையே கேட்டார். மூன்றாமவரும். மிஸ்ஸின் கைராசி அப்படி.

பொறுக்க முடியாமல் நான் வாயைத் திறந்தேன். பின்னாலிருந்து அண்ணன் தோளைப் பிடித்தார். அழுது முகம் வீங்கியிருந்தது.

"நீ கொஞ்சம் சும்மா இரு" என்றார். தங்கையிடம் திரும்பி, "அரை மணி நேரம் பாப்போம் அக்கா. அவங்களும் வந்துருவாங்க, மழையும் விட்டுரும்" என்றார்.

சொந்தக்காரர்கள் வந்தார்கள். மழை விடவில்லை, இரண்டு மடங்கானது. தொப்பலாக நனைந்துதான் மிஸ்ஸைக் கொண்டுபோனோம். கல்லறைத் தோட்டத்தில் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. தலையைத் துவட்டிக்கொண்டே, "மழை விஷயம் தப்பாப் போச்சுடா" என்றார். அவ்வளவுதான். நல்லாத்தான் இருந்தார்.

மிஸ்ஸிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் அவர் விட்டுவைத்த அந்த இடைவெளி. அதை வைத்துக்கொண்டு இனி நான் செய்யப்போவது:

1. அண்ணன் ஏதாவது கேட்டால், பத்து வரை எண்ணிய பிறகே வாயைத் திறப்பேன்.

2. மிஸ்ஸின் அறைக்கு வெளியே இருக்கும் பெஞ்சின் காலைச் சரிசெய்வேன். அங்கே இன்னும் ஆட்கள் வருவார்கள்.

3. ஏணியைப் பிடிக்க வேறு ஆள் தேடுவேன்.

4. அண்ணனுக்குப் பெண் பார்க்க ஆரம்பிப்பேன் என்று எழுதியிருந்தேன். அண்ணன் வாசித்துவிட்டு, பேனாவை வாங்கி அந்த வரியை அடித்துவிட்டார். என்னைக் கேட்கவில்லை.