மாமி ஒட்டாமல் விட்ட பக்கங்கள்

இதைக் கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும், தயவுசெய்து ஒருவருக்கும் காட்ட வேண்டாம். முக்கியமாக என் அப்பாவுக்கு. மாமியின் முப்பத்தோராம் நாளுக்கு அச்சிடும் நினைவு மலரில் என் பெயருடன் ஒரு பக்கம் வரப்போகிறது. அதை எழுதியவர் அப்பா. நாளைக் காலை அச்சகத்துக்கு அனுப்புகிறார். நான் எழுதியது இதுதான்.

என் மாமி, அப்பாவின் ஒரே தங்கை, ஒரு திங்கட்கிழமை காலமானார். எனக்குச் செய்தி வந்தது வியாழக்கிழமை. கடைசிச் சோதனை எழுதிவிட்டு வந்தபோது பாடசாலை வாசலில் அப்பாவின் கார் நின்றது. "பெல்ற்றைப் போடு" என்றார். பிறகு, "மாமி மோசம் போயிட்டா."

"எப்ப?"

"சோதினை குழம்பக்கூடாதெண்டுதான் சொல்லேல்லை."

அந்த நாட்களில் அம்மா குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுத்தான் போன் கதைத்தார். ஏனென்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

மாமி சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடி ஒன்றில் பதினேழாம் மாடியில் தனியாக இருந்தார். எனக்குப் பத்து வயதானபோது சனிக்கிழமைகளில் என்னை அங்கே விடத் தொடங்கினார்கள். சோபாவுக்குக் கீழே ஒரு பெட்டி நிறைய உர்வாக் கொமிக்ஸ் இருந்தது. சினிமாப் படங்களில் கிரகம் கிரகமாக எரிக்கிற வில்லன் உர்வாக்கை எல்லாருக்கும் தெரியும். இந்தத் தொடர் அவனையே நடுவில் வைத்துச் சொல்கிற கதை. புதன்கிழமைகளில் வேலை முடிந்ததும் மாமி கடைக்குப் போய்ப் புது இதழ் வாங்குவார். சனிக்கிழமைக்குள் எல்லா ஆங்கிலப் பேச்சுக் குமிழிகளின் மேலும் மஞ்சள் ஒட்டுத்தாள் வெட்டி ஒட்டி, தமிழில் எழுதி வைத்திருப்பார். தாளைத் தூக்கிப் பார்க்கக்கூடாது என்பது சட்டம்.

"உம்மடை கிரகத்தை நாளைக்கு விடியப் பிடிக்கப் போறன். பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிடும்" என்பான் உர்வாக்.

"மாமி, உர்வாக் யாழ்ப்பாணமா?"

"ஓம். கோபம் வந்தா வேறை எந்தப் பாஷையிலை கதைக்கிறது?"

கதாநாயகர்களை மாமிக்குப் பிடிக்காது. "உவையள் சிரிச்சுச் சிரிச்சு ஒளிப்பினம். உர்வாக் கெட்டவன்தான். ஆனா என்ன செய்யப் போறன் எண்டு முகத்துக்கு நேரை சொல்லிப்போட்டுத்தான் செய்வான்."

அப்படிச் சொன்ன மாமிதான், சென்ற இலைதுளிர் காலத்தில், ஒஷாவா நகரில் இரண்டு மாத வேலை, அங்கேயே தங்கப் போகிறேன் என்றார். "கடைசி இதழ் வந்தா ரெண்டு பேருமாத்தான் வாசிக்கிறது, சரியோ?" என்றும் சொன்னார். அது வேலை இல்லை, ஆஸ்பத்திரி. வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

சோதனைக் கிழமையில், செவ்வாய்க்கிழமை, மாமிக்குப் போனில் எழுதினேன்: "கடைசி இதழ் வந்திட்டுதா?"

பதில் வந்தது. "இன்னும் இல்லை. நீ படிக்கிற வேலையைப் பார்."

மாமி என்னைப் படி என்று ஒருநாளும் சொன்னதில்லை. அது மட்டுமல்ல, மாமி இறந்து அப்போது ஒருநாள் ஆகியிருந்தது. மாமியின் போன் அப்பாவின் கையில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் இருந்து அப்பா கொண்டுவந்த பையில் அந்தக் கடைசி இதழைக் கண்டேன். ஒன்பதாம் பக்கம் வரை மஞ்சள் தாள்கள் ஒட்டியிருந்தன. எழுத்துகள் போகப் போகச் சரிந்து, ஒன்பதாம் பக்கத்தில் ஒரு தாள் குமிழியை விட்டு விலகி உர்வாக்கின் தோளில் இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

அன்று மாமியின் பெயரில் எனக்கு எழுதிய அப்பா, இப்போது என் பெயரில் மாமிக்கு எழுதியிருக்கிறார். "எனது கல்வியில் கண்ணும் கருத்துமாயிருந்த மாமி திடீரென எம்மைப் பிரிந்தார்." உர்வாக்கைப் பற்றி ஒரு வரி இல்லை. "பெரிய ஆக்கள் வாசிக்கிற புத்தகம், கொமிக்ஸ் விசர்க்கதை எழுதேலாது" என்றார். நான் தலையாட்டினேன். எனக்கு அப்பாவில் பயம்.

பத்தாம் பக்கத்திலிருந்து நானே வெட்டி ஒட்டிக்கொண்டு வந்தேன். இப்போது கடைசிப் பக்கம். உடைந்த கப்பலில் உர்வாக் தனியே நிற்கிறான். ஒரே ஒரு குமிழி. அதில் என்ன எழுதுவது என்று மாமியிடம் கேட்க முடியவில்லை.

மாமி, நீங்களும் எனக்கு ஒளித்தீர்கள். எனக்கு உங்களில் கோபம். அந்தக் கோபத்தோடுதான் உங்களை வழியனுப்புகிறேன். போய் வாருங்கள்.

கதவில் தட்டுகிறார்கள். அப்பா. "என்ன எழுதுறாய்?" என்கிறார். இதை மெத்தைக்குக் கீழே தள்ள நேரம் இருக்கிறது. ஆனால் நான் இதை முகத்துக்கு நேரே