தட்டு கொண்டுவந்த ஞாயிறு

என் கைப்பையைத் தூக்கிப் பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "உள்ள என்ன, கல்லா?" கல் இல்லை. எவர்சில்வர் டம்ளர் ஒன்று, மூடி போட்ட டப்பா, கரண்டி, மடித்த துணிப்பை இரண்டு. இங்கே சிங்கப்பூரில், சாங்கி விமான நிலையச் சரக்கு அலுவலக வேலைக்குப் போனாலும் இதுதான், லிட்டில் இந்தியாவில் காய் வாங்கப் போனாலும் இதுதான். நடந்தால் கலகலவென்று சத்தம் வரும். "பாத்திரக்கடை கெளம்பிருச்சு" என்பார் என் கணவர். அவர் சொல்லிவிட்டுப் போகட்டும், அதற்கெல்லாம் நான் அசைகிற ஆள் இல்லை.

என்னை அசைப்பது தேநீர்க் கடைக்காரர். நான் டம்ளரை நீட்டுவேன். அவர் ஒரு பிளாஸ்டிக் கப்பை உருவுவார், அதில் தேநீர் ஊற்றுவார், அதை என் டம்ளரில் கவிழ்ப்பார், கப்பைக் குப்பையில் எறிவார். "ஏண்ணே, நேரா ஊத்தக் கூடாதா?" என்றால், "அளவு தெரியணும்லக்கா" என்பார். பல மாதமாக இதே கேள்வி, இதே பதில். எனக்குச் சேர வேண்டிய பாவத்தை என் கண் முன்னாலேயே செய்துவிட்டுச் சிரிக்கவும் செய்வார்.

இந்தக் கடுப்பை எல்லாம் சேர்த்து வைத்துத்தான் பங்குத் திருவிழா ஏற்பாட்டுக் கூட்டத்தில் கொட்டினேன். எங்கள் கோயிலில் திருவிழாவன்று தமிழ்த் திருப்பலி முடிந்ததும் மண்டபத்தில் எல்லாருக்கும் சாப்பாடு. வெளியே சமைத்து வரும். தெர்மோகோல் மாதிரி ஸ்டைரோஃபோம் தட்டு, பிளாஸ்டிக் கரண்டி, பிளாஸ்டிக் கப். முடிந்ததும் கறுப்புக் குப்பைப் பைகள் வாசல்வரை மலையாக நிற்கும். இந்த வருடம் அவரவர் தட்டும் டம்ளரும் கொண்டுவர வேண்டும் என்றேன். சாப்பாட்டுப் பொறுப்பில் இருந்த அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சாப்பாட்டுக்குக் கூப்புட்டுட்டுத் தட்டையும் கொண்டான்னு சொல்றதா? நல்லா இருக்கும்மா."

"கொண்டுவருவாங்கண்ணே. ஒரு குப்பைப் பைகூட நெறையாது, பாருங்க."

"சரி. ஒரு பை நெறஞ்சாலும் அடுத்த வருஷம் பழையபடி ஸ்டைரோஃபோம்தான். அப்புறம் நீங்க இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது லா."

சரி என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதல்ல.

தொடர்ந்து மூன்று ஞாயிறு, பூசை முடிந்ததும் மைக் முன்னால் நின்று கத்தினேன். தட்டு மறந்தவர்களுக்கு இரவல் தட்டு, பந்திக்கு நிற்கும் வரிசை, டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றும் இடம் என்று எல்லாவற்றையும் தாளில் எழுதி வைத்தேன். அன்று காலை கிளம்பும்போது, என் கைப்பையில் இருந்த டப்பாவை எடுத்து வீட்டிலேயே வைத்தேன். ஊருக்கெல்லாம் தட்டு என்று அறிவித்துவிட்டு நான் டப்பாவில் சாப்பிட்டால் நன்றாகவா இருக்கும்? விளிம்பு வைத்த பெரிய தட்டு இரண்டு, எனக்கொன்று, அவருக்கொன்று. பட்டுப்புடவை வேறு.

சனம் தட்டோடு வந்தது. நம்பவே முடியவில்லை. பீங்கான் தட்டு, எவர்சில்வர் தட்டு, ஒரு வீட்டார் இட்லித் தட்டுகூடக் கொண்டுவந்தார்கள். சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் பருப்பும் பாயசமும் ஓடின. குப்பைப் பை வாயைத் திறந்தபடி காலியாகக் கிடந்தது. நான் அண்ணன் இருக்கும் பக்கமாகவே நாலு தடவை நடந்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த திமிரை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

சாப்பிட்டு முடித்தார்கள். எழுந்தார்கள். கையில் எண்ணெய் மின்னும் தட்டோடு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"எங்கக்கா கழுவுறது?"

தாளில் எல்லாம் எழுதியிருந்தேன். கழுவுவதை எழுதவில்லை. மண்டபத்தில் சமையலறை கிடையாது. கழிவறையில் கை கழுவும் தொட்டி இரண்டு. முதல் பத்துப் பேர் கழுவுவதற்குள் சோற்றுப்பருக்கை அடைத்துத் தண்ணீர் தரையில் ஓடியது. அதற்குப் பின்னால் வரிசை மண்டபத்தின் பாதிவரை.

அப்போதுதான் அந்தச் சரசரப்பு கேட்டது. ஒரு அம்மா தன் பையிலிருந்து பிளாஸ்டிக் பை ஒன்றை உதறி எடுத்துத் தட்டை உள்ளே தள்ளி முடிச்சுப் போட்டார். பக்கத்தில் இன்னொருவர். வரும்போதே பாதிப் பேர் பிளாஸ்டிக் பையில்தான் தட்டைச் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள். நான் தட்டை மட்டும்தான் பார்த்தேன். பை இல்லாதவர்களுக்கு அண்ணன் ஓடி வந்தார், கையில் பெரிய பிளாஸ்டிக் பைக்கட்டு. மிச்சக் குழம்பு கட்டிக் கொடுக்க வாங்கி வைத்ததாம். "ரெண்டு ரெண்டா போடுங்க, ஒழுகும்" என்று கூவிக்கூவிக் கொடுத்தார்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்களே, அதை நான் நேரில் நின்று பார்த்தேன்.

ஜூரோங் ஷிப்யார்டில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் மட்டும் ஓரமாக நின்று, தான் சாப்பிட்ட டப்பாவில் குடிதண்ணீரை ஊற்றிக் குலுக்கி, மடமடவென்று குடித்துவிட்டு மூடியை அழுத்தினார். நான் வாயைப் பிளந்து பார்த்தேன். "வேலை எடத்துல கொழாயத் தேடி யாருக்கா போறது?" என்றார். என் டப்பா வீட்டில் சமையல் மேடைமேல் உட்கார்ந்திருந்தது.

வீடு போக டோபி காட் நிலையத்தில் ரயில் மாற வேண்டும். துணிப்பையில் தட்டைப் போட்டால் குழம்பு ஊறி வெளியே வரும். கையில் பிடித்தால் பட்டுப்புடவை. என் கணவர் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்து என் முன்னால் பிடித்தார். 'பாத்திரக்கடை' என்று ஏதாவது சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது மறுத்திருப்பேன். இரண்டு தட்டையும் உள்ளே வைத்தேன். இரண்டாவது பை வேண்டாம் என்று மட்டும் வீம்பு பிடித்தேன்.

ரயிலில் எதிர் இருக்கையில் எங்கள் பங்கைச் சேர்ந்த இன்னொரு குடும்பம். அவர்கள் மடியிலும் அதே பை, என் மடியிலும் அதே பை. யாரும் யாரையும் பார்க்கவில்லை. வீடு வந்து சேரும்போது புடவையில் கொசுவத்துக்குக் கொஞ்சம் மேலே மஞ்சளாக, உள்ளங்கை அகலத்துக்கு ஈரம்.

மாலையில் அந்தக் கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அண்ணன் அழைத்தார். குரலில் அத்தனை சந்தோஷம்.

"குப்பைப் பை பாதிகூட நெறயலம்மா! நீங்க ஜெயிச்சிட்டீங்க. இனிமே எல்லா வருஷமும் இப்படித்தான்."

பேசாமல் சரி என்றிருக்கலாம். ஸ்டைரோஃபோம் ஒழிந்தது என்று வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் அந்த ஈரம் என் கையிலேயே பிசுபிசுத்தது. உண்மையைச் சொன்னால் பழைய தட்டே திரும்பி வந்தாலும் வரும் என்று தெரிந்துதான் சொன்னேன்.

"இல்லண்ணே, தோத்துட்டேன். குப்பை அங்க நெறையல, அவ்வளவுதான். அத்தனை பிளாஸ்டிக் பையும் வீட்டுக்குப் போயிருக்கு. நானும் ஒண்ணு வாங்கினேன்."

திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"ஒண்ணுதான் வாங்கினீங்களா?" என்றார், உண்மையான வருத்தத்தோடு. "நாந்தான் ரெண்டா போடச் சொன்னேனே. ஒழுகிருக்குமே! நீங்க கவலைப்படாதீங்கம்மா, அடுத்த வருஷம் நல்லா தடியான பையா பாத்து வாங்கிடறேன் லா."

ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கறையின்மேல் மறுபடி சோப்பைத் தேய்த்தேன்.