மாமனார் வீட்டுக்குப் புதுத் தேயிலை

இந்தத் தைவானில் தேயிலை விற்கும் ஆன்லைன் கடைகளில் ஒரு கூத்து உண்டு. தேதி பழையதாக ஆக ஆக விலை ஏறும். போன மாதம் பறித்தது ஒரு விலை என்றால், இருபது வருடம் ஜாடியில் கிடந்தது அதைப்போலப் பல மடங்கு. காஞ்சிபுரத்தில் என் அம்மா பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பித் தேதி பார்த்து, ஒரு வாரம் தாண்டியிருந்தாலும் மளிகைக்கடைக்காரரின் பரம்பரையையே விசாரித்துவிடுவார். அவர் வயிற்றில் பிறந்துவிட்டு இருபது வருடத்துத் தேயிலையை நான் எந்த முகத்தோடு வாங்குவது?

வாங்கியே ஆக வேண்டியிருந்தது. ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலையில் இருந்த என்னைக் கம்பெனி இங்கே அனுப்பி நான்கு வருடமாகிறது. கூட வேலை செய்யும் லிங்கும் நானும் கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவெடுத்தோம். என் வீட்டில் ஒரு மாதம் அழுதார்கள், அப்புறம் அவளுக்கு எந்த நிறத்தில் முகூர்த்தப் புடவை எடுப்பது என்று சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள். அவள் அப்பாதான் பிடி கொடுக்கவில்லை. "ஒருநாள் வரச் சொல், டீ குடிப்போம்" என்றாராம். அவர் சரி என்றால்தான் லிங் மேற்கொண்டு பேசுவாள்.

கடைக்காரரிடம் சாட்டில் கேட்டேன், புதியதா பழையதா என்று. "புதியது மணத்துக்கு, பழையது வயிற்றுக்கு. யாருக்கு வாங்குகிறீர்கள்?" என்றார். பெண்ணின் அப்பாவுக்கு என்றேன். "அவர் எதைக் குடிப்பார்?" என்றார். அது தெரிந்திருந்தால் உங்களை ஏனய்யா கேட்கிறேன் என்று தட்டி, அழித்துவிட்டேன். பழையது கெட்டுப்போகாதா என்று மட்டும் கேட்டேன். சிரிக்கும் பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டு மனிதர் காணாமல் போனார்.

கடைசியில் அம்மாவுக்குத்தான் போன் போட்டேன்.

"ஏன்பா, பொண்ணு வூட்டுக்கு யாராவது பழசு எடுத்துக்கினு போவாங்களா? நம்ம தெருவுல பழைய பட்டுப்பொடவ வாங்கறவன் வர்றான் இல்ல, அவன்கூட சரிகைய கொளுத்தி வெள்ளி எடுக்கத்தான் வாங்கறான். புதுசா வாங்கு. மூலையில மஞ்ச வெச்சிக் குடு."

சேலை நகரத்துக்காரர்களுக்கு இது வேதவாக்கு. கடையிலிருந்து வரும் எந்தப் புதுத்துணிக்கும் மூலையில் மஞ்சள் தடவாமல் எங்கள் வீட்டில் யாரும் உடுத்தியதில்லை. என் முதல் லேப்டாப்புக்கும் ஒரு மூலையில் மஞ்சள் இருந்தது. சர்வீஸ் சென்டர்காரன் அதைத் துரு என்று எழுதிக்கொண்டான்.

புதுத் தேயிலையையே வாங்கினேன். மலை உச்சியில் அந்த வசந்தத்தில் பறித்தது. பார்சல் வந்ததும் ஊர்ப்புத்தி சும்மா இருக்குமா? எங்கள் ஊரில் புடவையை முழுசாக உதறிப் பிரித்து, தடவிப் பார்க்காமல் எவரும் பணத்தை எடுக்கமாட்டார்கள். காற்றுப் புகாமல் ஒட்டியிருந்த உறையைக் கத்தரித்து, உள்ளே கைவிட்டு அளைந்து, மோந்து பார்த்தேன். அமிர்தமாக மணத்தது. பிறகு காகிதத்தில் பொட்டலம் கட்டி, நான்கு மூலையிலும் மஞ்சளைக் குழைத்துத் தாராளமாகவே பூசினேன். மாமனார் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது பாருங்கள்.

இரண்டு நாள் கழித்து அவர் முன்னால் உட்கார்ந்தேன். சுவர் முழுக்க ஜாடிகள், எல்லாவற்றிலும் வருடம் எழுதியிருந்தது. பார்த்ததுமே தப்புப் பண்ணிவிட்டோம் என்று புரிந்தது. அவர் பொட்டலத்தைப் பிரித்தார். மோந்தார். மறுபடி மோந்தார். லிங்கிடம் நீட்டினார். அவள் மோந்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. தேயிலை பக்கத்தில் இருக்கும் வாசனையை எல்லாம் இழுத்துக்கொள்ளும் என்பது இந்த நாட்டில் எனக்கு மட்டும்தான் தெரியாது போல. மலை உச்சி மணம் போன இடம் தெரியவில்லை, சாம்பார் மணம் வந்துகொண்டிருந்தது.

மஞ்சள் எதற்கென்று ஆங்கிலத்தில் திக்கித் திணறிச் சொன்னேன். புதிய பொருள், நல்ல காரியம், அம்மா சொன்னது. லிங் மொழிபெயர்த்தாள். அவர் எழுந்துபோய், காலி ஜாடி ஒன்றைக் கொண்டுவந்து தேயிலை முழுவதையும் கொட்டி, வாயைக் காகிதத்தால் ஒட்டி, மேலே ஏதோ எழுதினார். பிறகு ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"பத்து வருஷம் போகட்டும், பார்க்கலாம்னு சொல்றார்" என்றாள் லிங்.

கல்யாணத்துக்கா? பத்து வருடத்தில் எனக்கு நாற்பத்து மூன்று ஆகிவிடும். "அவ்வளவு நாள் எப்படிக் காத்திருப்பது?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன். பாஷை புரியாவிட்டாலும் முகம் புரிந்திருக்கும், லிங் சிரித்துவிட்டாள். "ஜாடியைச் சொல்றார். மஞ்சள் வாசனை போக அவ்வளவு நாள் ஆகுமாம். அதுவரைக்கும் வருஷா வருஷம் நீ வந்து மோந்து பார்க்கணுமாம். என்ன எழுதியிருக்கார் தெரியுமா? இந்த வருஷம், அப்புறம் உன் பேர்."

அன்று சாயங்காலம் போனில் அம்மா கேட்டார், "புதுசுதானே குடுத்த?"

"ஆமாம்மா. பத்திரமா எடுத்து வெச்சிக்கினாரு."

"பாத்தியா, நான் சொன்னேன் இல்ல."

வருடம் ஒன்று ஆனதும், போன மாதம் மாமனார் முதல் தடவையாக ஜாடியைத் திறந்து காட்டினார். மஞ்சள் வாசனை பாதி போய்விட்டது என்று அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். இங்கேயே இருக்கப்போகிறவன் வேறென்ன செய்வது? ஆனால் ஜாடியிலிருந்து முகத்தை எடுக்க மட்டும் எனக்கு மனசு வரவில்லை. எங்கள் வீட்டுப் புதுப்புடவையின் மூலை இன்னும் கொஞ்சம் அதற்குள் மீதி இருந்தது.