இரண்டிலும் இல்லாத பேர்

வியாசர்பாடி ரமாபாய்க்கு மனிதர்களிடம் இருக்கிற கூச்சம் பட்டியல்களிடம் கிடையாது. மௌஸ்கூட இல்லாத பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் பழகியவள். சுனாமி வந்துபோன மறு மாதம் திருவொற்றியூரில் ஒரு தொண்டு நிறுவனத்தில் பேர்களைத் தட்டுகிற வேலை கிடைத்தது. கறுப்புத் திரையில் ‘சார்ட்’ என்று அடித்தால் பேர்கள் வரிசையில் வந்து நிற்கும். ‘காம்’ என்று அடித்தால் இரண்டு பட்டியலை ஒப்பிட்டு, ஒன்றில் மட்டும் இருக்கிற பேர்களைத் தனியே பிரித்துக் காட்டும்.

அன்று ஐந்து மணிக்குள் எண்ணூர்ப் பக்கத்துக் குப்பம் ஒன்றின் பட்டியல் போயாக வேண்டும். அதில் பேர் இருந்தால் புது வீடு. இல்லாவிட்டால் இல்லை. குப்பத்துத் தலைவர் தண்டபாணி கொண்டுவந்தது ஒன்று, நிறுவனத்து ஆட்கள் எடுத்துவந்தது ஒன்று. ஒப்பிட்டாள். இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் அச்சாகப் பொருந்தினார்கள்.

தண்டபாணி துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். ரமாபாய் எழவில்லை. இவ்வளவு சுத்தமாக எந்தப் பட்டியலும் பொருந்தி அவள் பார்த்ததில்லை. பஸ் ஸ்டாண்டில் மீன் விற்கும் பூவம்மா அந்தக் குப்பத்துக்காரிதான். அவள் பேரைத் தேடினாள். இரண்டிலும் இல்லை. இரண்டிலும் இல்லாத பேரை எந்தக் கட்டளை காட்டும்?

பூவம்மா பேர் எங்கே என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். கணக்கெடுக்க வந்த நிறுவனத்து ஆட்களும் தன் வரி நோட்டைப் பார்த்தே எழுதிக்கொண்டார்கள் என்றார் தண்டபாணி. கடலுக்குப் போகிற ஆண் பேரில்தான் ஊர் வரி; வரி கட்டுகிறவர்தான் ஊர்க் கணக்கில் ஆள்.

“பூவம்மா புருசன் செத்துப் பூட்டான். அதுங்கைல இன்னாத்துக்கு வரி வாங்கணும்னு நாந்தான் நோட்டுல பேர அடிச்சி எட்த்துட்டேன். பாவம் பாத்து செஞ்சதும்மா.”

அந்தக் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. ரமாபாய் மூன்றாவது பட்டியல் ஒன்றைத் திறந்தாள். போன மாதம் அதே குப்பத்திலிருந்து வந்து ஸ்டவ் வாங்கிப்போன பெண்களின் பேர்கள், பக்கத்தில் கணவன் பேர். அவளே தட்டி வைத்தது. கணவன் பேர்களை மட்டும் பிரித்து, வரிசைப்படுத்தி, வரி நோட்டுப் பட்டியலோடு ஒப்பிட்டாள்.

இப்போது பதினொரு பேர் மிஞ்சினார்கள். ஒவ்வொன்றாக வாசித்தாள். தேசப்பன். மனோகரன். வெற்றி என்ற கடைசிப் பேர் வரைக்கும் வந்தபோது தண்டபாணியின் தலை நன்றாகத் தாழ்ந்துவிட்டிருந்தது.

“எல்லாம் என்கூட வலை இஸ்த பசங்க,” என்றார். “உம் பொட்டி இன்னாத்துக்கும்மா செத்தவன கூப்புடுது?”

“அவங்க வூட்டுக்காரம்மாவ கூப்புடுது, நைனா.”

தண்டபாணி மறுபடி உட்கார்ந்தார். பிறகு பதினொரு பெண்களையும் இன்னார் சம்சாரம் என்று போடாமல், அவரவர் சொந்தப் பேரிலேயே சேர்க்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். நாலே முக்காலுக்குப் பட்டியல் போனது. இருநூற்று இருபத்து மூன்று.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டில் பூவம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு அவளைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். வீடு வரப்போகிற சேதியைச் சொல்லத்தான் என்று நினைத்தாள் ரமாபாய். பூவம்மாவுக்கு அதைவிடப் பெரிய சேதி இருந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“தலைவரு நேத்து வூட்டாண்ட வந்துச்சு, கண்ணு. இனிமே எம் பேருல நானும் வரி குடுக்கணுமாம்.”