துட்டி கேட்ட அதிகாரி

பெங்களூருக்கு வந்த முதல் வாரம் ஸ்ரீராம்புரம் மார்க்கெட்டில் தக்காளி விலை கேட்டேன். கூடைக்காரி முகத்தைச் சுளித்துக்கொண்டு, "துட்டி அம்மா, தும்பா துட்டி" என்றாள். எங்கள் கோவில்பட்டிப் பக்கம் துட்டி என்றால் சாவு. செத்த வீட்டுக்குப் போய் அங்குள்ள பெண்களைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு வருவதைத் துட்டி கேட்பது என்போம். அடப் பாவமே, வீட்டில் பிணத்தைப் போட்டுவிட்டா இவள் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று நினைத்து, "யாரும்மா? எப்பம்மா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன். அவள் ஒரு தக்காளியை எடுத்து என் மூக்குக்கு நேரே காட்டி, "இதே அம்மா, இதே துட்டி" என்றாள். கூட வந்திருந்த, நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். கன்னடத்தில் துட்டி என்றால் விலை அதிகம் என்று அர்த்தமாம். "இன்னாம்மா நீ, தக்காளிக்குப் போயி எழவு கேக்கறியே!" என்றார். மூன்று தலைமுறையாக இந்த ஊரில் இருக்கிற தமிழ்க் குடும்பம் அவருடையது. அவருக்கும் எங்கள் துட்டி தெரிந்திருக்கவில்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். மீதிக் கதையை யாருக்கும் சொன்னதில்லை, இப்போதுதான் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் பெயின்டர். தொண்ணூறுகளில் பெங்களூரில் எங்கே திரும்பினாலும் கட்டடம் எழும்பியது, பிரஷ் பிடிக்கத் தெரிந்தவனுக்கு வேலை உண்டு என்று யாரோ சொல்ல, தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்த என்னையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். எனக்குத் தையல் தெரியும். ஸ்ரீராம்புரத்திலேயே ஒரு சந்துக்குள், தகரக் கூரைக்குக் கீழே பதினைந்து மெஷின் போட்டிருந்த சிவண்ணாவிடம் சேர்ந்தேன். சன்னபட்டணத்துக்காரர். ஒரு பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனி சட்டை தைத்தது, அதற்குக் காலர் மட்டும் நாங்கள் தைத்துக் கொடுத்தோம். முதலாளி என்று பெயர்தான். பண்டல்களை ஸ்கூட்டரில் கட்டிக் கொண்டுவருவதும் அவரே, தைத்த காலருக்கு இஸ்திரி போடுவதும் அவரே. பகல் சாப்பாட்டுக்கு எங்களோடு தரையில் உட்கார்ந்து என் புளிக்குழம்பில் பங்கு கேட்பார். கோபம் வந்தால் கத்துவார், பத்து நிமிஷத்தில் மறந்துவிடுவார்.

இந்த மனிதர் எல்லோருக்கும் இ.எஸ்.ஐ. கட்டியதுதான் எனக்கு வந்த பெரிய சொத்து. சம்பளத்தில் கொஞ்சம் பிடித்து, தன் பங்கையும் போட்டுக் கட்டிவிடுவார். கார்டு கைக்கு வந்துவிட்டால் குடும்பத்துக்கே வைத்தியம் இலவசம். ஊரில் தீப்பெட்டி ஆபீஸில் பதினோரு வருஷம் இருந்தேன், விரலில் மருந்து பட்டு வெந்தால் மாட்டுச்சாணி கூடக் கொடுக்க ஆள் கிடையாது. இங்கே வந்த இரண்டாம் வருஷம் என் வீட்டுக்காரர் சாரத்திலிருந்து விழுந்து வலது தொடை எலும்பு முறிந்தபோது, அந்தக் கார்டுதான் காப்பாற்றியது. இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் எலும்போடு ஒரு இரும்புத் தகட்டை வைத்து முடுக்கினார்கள். நடந்தார். ஆனால் ஒரு வருஷத்தில் ஸ்க்ரூ தளர்ந்து உள்ளே சீழ் வைத்துவிட்டது. மறுபடி திறந்து தகட்டை எடுத்துப் புதிது வைக்க வேண்டும், அதற்கு முதலில் சீழ் வற்ற வேண்டும், பொங்கல் கழித்து வாருங்கள் என்று தேதி கொடுத்தார்கள். அதுவரை கார்டு உயிரோடு இருந்தால் போதும், இவர் மறுபடி நடப்பார். அந்த வருஷம் முழுக்க என் மண்டைக்குள் இது ஒன்றுதான் ஓடியது.

அந்தச் சமயத்தில்தான் சர்க்கார் குறைந்தபட்சக் கூலியை உயர்த்தியது. சர்க்கார் கூலி என்று ஒன்று உண்டு என்பதே எனக்குப் புதிது. எங்கள் ஊரில் கூலி ஏறுவது முதலாளியம்மா கோயிலுக்குப் போய்விட்டு நல்ல மனசோடு திரும்புகிற நாளைப் பொறுத்தது. பக்கத்து மெஷின் நாகம்மா கன்னடத்துப் பெண், பேப்பர் படிப்பாள். ஒரு நாள் காலையில் அவள் உள்ளே வந்ததும் வராததுமாக, "துட்டி பத்யெ ஜாஸ்தி ஆயித்து!" என்று கத்தினாள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் மட்டும் முழித்தேன். சாவு கூடிப்போச்சு என்பதற்கா இத்தனை குதூகலம்? துட்டி பத்யெ என்றால் பஞ்சப்படி என்று பிறகு சொன்னாள். விலைவாசிக்கு ஈடாகக் கூலியோடு சேர்த்துக் கொடுப்பதாம். அன்று நாகம்மா செலவில் மைசூர்பாகு. நான் மனசுக்குள் இவருக்கு முட்டை, பால், ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ என்று வாங்கித் தள்ளிக்கொண்டிருந்தேன். ஆசைப்படுவதற்கு யார் அனுமதி வேண்டும்?

சிவண்ணா மைசூர்பாகைக் கையில் வாங்கினார், வாயில் போடவில்லை. மறுநாள் கம்பெனிக்குப் போய், கூலி ஏறிவிட்டது, காலருக்குக் கொடுக்கிற ரேட்டையும் ஏற்றுங்கள் என்று கேட்டிருக்கிறார். கம்பெனிக்காரர்கள் காபி கொடுத்து உட்காரவைத்து, பழைய ரேட்டுக்கே தைக்க வேறு ஆள் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்து எங்கள் நடுவில் நின்று, "நானு எல்லிந்த தரலி?" என்றார். நான் எங்கிருந்து கொண்டுவருவேன் என்று அர்த்தம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போலீஸ்காரனுக்கு மாமூல் குடுக்க மட்டும் எங்கேருந்து வருது?" என்று தமிழில் கேட்டேன். அவருக்குத் தமிழ் புரியும். இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

நியாயமாகப் பார்த்தால் யார் மேல் கோபப்படுவது? சர்க்கார் ஏற்றியது தப்பா? அந்தக் கூலி இல்லாமல் இந்த ஊரில் வாடகை கொடுத்து வாழ முடியாது, வாடகையையும் துட்டி என்றுதான் சொல்கிறார்கள். சிவண்ணா தன் பெண்டாட்டி வளையலை அடகு வைத்துப் போட்ட ஷெட் அது. எங்கோ கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து ரேட்டை ஒரு பைசா ஏற்றாதவன் முகத்தை நாங்கள் ஒருவரும் பார்த்ததில்லை. திட்டுவதற்குக் கூட ஆள் கைக்கு எட்டவில்லை.

இரண்டு வாரம் கழித்து சிவண்ணா விஷயத்தைச் சொன்னார். லேபர் அதிகாரி ஒவ்வொரு ஷெட்டாக வருகிறார். புதுக் கூலி கிடைக்கிறது என்று எல்லோரும் சொன்னால் ஷெட் ஓடும். கிடைக்கவில்லை என்று ஒருத்தி சொன்னாலும் பாக்கியோடு அபராதமும் கட்ட வேண்டும், கதவைச் சாத்துவதைத் தவிர வழியில்லை. நாகம்மா, "பொய் சொல்லியே சாகணுமா?" என்று அழுதாள். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? கடைசியில் நான்தான் எல்லோரிடமும் பேசினேன். கூலி ஏறாவிட்டால் ஏறாமல் போகட்டும், கார்டு போனால் இவர் காலும் போகும். எல்லோரும் சரி என்றார்கள். புதிதாகச் சேர்ந்திருந்த மாரிக்கனிக்கு மட்டும் கன்னடத்தில் ஒரு சொல்கூடத் தெரியாது. என் ஊர்ப் பெண், முப்பது வயசு, புருஷன் விட்டுப் போனவள், நான்தான் கூட்டிவந்தேன். "எது கேட்டாலும் 'கொடுத்தாரெ சார்'னு சொல்லுடி. தர்றாங்கன்னு அர்த்தம்" என்று சொல்லிக் கொடுத்தேன். கிளிப்பிள்ளை மாதிரி நாள் முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அந்த வாரமே எஸ்.டி.டி. பூத்துக்கு அவளுக்கு போன் வந்தது. போனவள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். "யக்கா, அய்யா போயிட்டாகளாம்க்கா." உடனே கிளம்பு என்றேன். கப்பலுக்குச் சரக்கு போகிற வாரம். சிவண்ணா போகாதே என்று சொல்லவில்லை. ஆனால் உன் மெஷினை வேறு ஒருத்திக்குக் கொடுக்காமல் இருக்க முடியாது என்றார். மாரிக்கனி அன்று மத்தியானம் பையைக் கட்டினாள், பிறகு தானே அவிழ்த்தாள். பெற்ற தகப்பன் எழவுக்குப் போகாமல் வேற்றூரில் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் காலர் எந்தத் துரை கழுத்துக்குப் போனதோ, நாசமாய்ப் போக.

மூன்றாம் நாள் அதிகாரி வந்துவிட்டார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார், சிவண்ணா நீட்டிய டீயைக்கூட வேண்டாம் என்றார். ஒவ்வொரு மெஷினாக வந்து கேட்டார். நாகம்மா சொன்னாள், நான் சொன்னேன், ஒருத்தியும் பிசகவில்லை. மாரிக்கனியிடம் வந்து, குனிந்து, மெதுவாக, "துட்டி கொடுத்தாராம்மா?" என்று கேட்டார். பத்யெ என்பதை விட்டுவிட்டார். அங்கேதான் எல்லாம் போச்சு.

அவள் காதில் விழுந்தது நம் துட்டி. யாரோ ஒரு பெரிய மனுஷர், முன்பின் தெரியாதவர், தன் தகப்பன் செத்ததைக் கேள்விப்பட்டுத் துட்டி கேட்க வந்திருக்கிறார் என்றே நினைத்திருக்கிறாள். அவ்வளவு பெரிய ஊரில் அவளிடம் அதுவரை ஒருவரும் கேட்கவில்லை. படித்த பாடமெல்லாம் பறந்துவிட்டது. எழுந்து நின்று, "இல்ல சார், துட்டிக்குப் போவல சார், விடல சார், இல்ல சார்" என்று மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்க ஆரம்பித்துவிட்டாள். நமக்கும் கன்னடத்துக்கும் எத்தனையோ சொல் வேறு வேறு. இல்லை என்பதற்கு மட்டும் இரண்டு பேருக்கும் இல்லதான்.

அதிகாரி பதறிப்போனார். "அளபேடி அம்மா, அளபேடி" என்று அழுகையை நிறுத்தச் சொல்லித் தேற்றினார். துட்டி இல்லை என்று சொல்லிவிட்டு ஒருத்தி இப்படி அழுதால், பாவம் அவர்தான் வேறு என்ன நினைப்பார்? நான் ஓடிப்போய், "சார், அவ அப்பா செத்துட்டாரு சார், அந்தத் துட்டி வேற, இது வேற" என்று எனக்குத் தெரிந்த உடைசல் கன்னடத்தில் மன்றாடினேன். அவர் என்னைக் கையமர்த்தி, இனி யாருக்கும் பயப்படாதீர்கள், உங்கள் பாக்கியை நான் வாங்கித் தருகிறேன் என்றார். மாரிக்கனி அந்த ஷெட்டில் சொன்னது உண்மைதான். வாய் தவறி வந்த உண்மை.

பாக்கியைப் பாதி கொடுத்தார் சிவண்ணா, மெஷின்களை விற்று. மீதியைக் கேட்க எங்களில் யாருக்கும் மனசு வரவில்லை. ஷட்டரை இறக்கிய அன்று மாரிக்கனி அவர் காலில் விழப் போனாள். அவர் விலகிக்கொண்டு, "நீ ஏனு மாட்தியா, பிடம்மா" என்றார். நீ என்ன செய்வாய், விடம்மா என்று. அந்த ஒரு வார்த்தைக்காக அவரை நான் இன்னும் திட்டாமல் இருக்கிறேன். உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா என்று வீட்டுக்காரம்மா மட்டும் வாசலில் நின்று சொல்லிக் காட்டினார். அவருக்கு வாடகைக் கவலை.

மைசூர் ரோட்டுப் பெரிய ஃபேக்டரிகள் புதுக் கூலியைச் சுளையாகக் கொடுத்தன, துட்டி பத்யெ உட்பட. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கொடுக்கிற கூலிக்கு முன்னைப்போல் ஒன்றரை மடங்கு தைக்கச் சொன்னார்கள், கை வேகம் உள்ள சின்ன வயசுக்காரிகளாகப் பொறுக்கி எடுத்தார்கள். மாரிக்கனியை எடுத்துக்கொண்டார்கள். மாதம் பிறந்தால் அவள் கையில் வருவது நாங்கள் கனவிலும் காணாதது. பாத்ரூம் போக நேரமில்லை என்று தண்ணீர் குடிப்பதை விட்டு, நீர்க்கடுப்பில் துடிக்கிறாள். எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. கேட்டில் நின்றவன் முகத்தைப் பார்த்தே, "பேடா அம்மா" என்று கையாட்டிவிட்டான். வீட்டில் ஒரு பழைய மெஷினைப் போட்டுக்கொண்டு உருப்படிக்கு இத்தனை என்று தைக்க ஆரம்பித்தேன். சிவண்ணாதான் பண்டல் கொண்டுவருவார், இப்போது அவரும் வெறும் தரகர். வீட்டில் தைப்பவளுக்குக் குறைந்தபட்சக் கூலியும் கிடையாது, கார்டும் கிடையாது.

பொங்கல் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். சீழ் வற்றியிருந்தது. கார்டும் செத்திருந்தது. சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஆபரேஷன் சும்மா, புதுத் தகடும் ஸ்க்ரூவும் நீங்கள் வாங்க வேண்டும், ஏழை என்று சலுகை கேட்டால் இந்த ஊர் ரேஷன் கார்டு காட்டுங்கள் என்றார்கள். எங்கள் ரேஷன் கார்டு கோவில்பட்டியில் இருக்கிறது. சரி, நம் ஊர் நம்மைக் கைவிடாது என்று இவரைக் கைத்தாங்கலாகப் பஸ் ஏற்றிக் கூட்டிப்போனேன். அங்கே டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இந்த மாதிரி ஸ்க்ரூவைக் கழத்துற சாமான் எங்ககிட்ட இல்லம்மா. எங்க வச்சாகளோ அங்கயே போயி எடுத்துக்கோங்க" என்றார். நல்லவிதமாகத்தான் சொன்னார். நான் அந்த வராந்தாவில் உட்கார்ந்து, என் சொந்த ஊரில், என் சொந்த மொழியில் வாய்விட்டு அழுதேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் இவரை ஜன்னலோரம் உட்காரவைத்தேன். ஓசூர் தாண்டியதும் தொடையைத் தடவிக்கொண்டே, "ஏ புள்ள, நான் செத்தா ஊர்லதான எரிப்பீக?" என்றார். பேச்சைப் பாரு என்று அதட்டினேன். "இல்ல, கேக்கேன். எல்லாம் வெந்தாலும் இந்தத் தகடு வேவாது. சாம்பல்ல தனியாக் கெடக்கும். அத ஊர்ல கரைப்பியா, பெங்களூருக்குக் கொண்டாருவியா?"

வாயைக் கழுவுங்க என்றேன். கர்நாடக எல்லையில் அத்திபெலே செக்போஸ்டில் பஸ் நின்றது. கால் மரத்துவிட்டது என்று, இவர் அந்த வலது காலை இரண்டு கையாலும் தூக்கி, கொஞ்சம் அந்தப் பக்கமாக நகர்த்தி வைத்தார்.