ஓடைக்குள் போட்ட பந்தல்

ஒரு கட்டடமோ சாலையோ வரும் முன்னால், அதனால் மண்ணுக்கும் தண்ணீருக்கும் என்ன ஆகும் என்று பார்த்துச் சொல்வது என் வேலை. இதற்கு நிறையப் பொறுமை வேண்டும் என்பார்கள். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும்.

திண்டுக்கல்லுக்கு வெளியே, சிறுமலைக்குக் கீழே ஒரு தொழிற்பேட்டை வருவதாக இருந்தது. அதற்கு நுழைவுச் சாலை என்று நிறுவனம் குறித்திருந்த இடத்தைப் பார்த்ததுமே எனக்குச் சுருக்கென்றது. இரண்டு பக்கமும் கரை, நடுவில் மணல், கரையோரம் நொச்சி. ஓடையேதான்! சில வருடமாகத் தண்ணீர் வராததால் ஊர்க்காரர்கள் அதில் பைக் ஓட்டிப் பழகியிருந்தார்கள்.

"டயர் தடம் தெரியுது பாருங்க மேடம், ரோடுதான்" என்றார் நிறுவனத்தின் மேலாளர்.

"பழைய வரைபடத்துல ஓடைன்னு இருக்கே சார்?"

"அது அந்தக் காலம் மேடம்."

அதை மேடாக்கித் தார் போட்டால் கீழே இருக்கிற கண்மாய்க்குச் சொட்டுத் தண்ணீர் போகாது. கண்மாய்க்குப் பக்கத்தில் மல்லிகை போட்டிருந்த அக்காவிடம் போய்க் கேட்டேன். அவரும் "பாதைதான் தாயி" என்றாரே பார்க்கலாம்! எனக்கு வந்ததே கோபம்.

"ஏங்க்கா, கண்மாய் காஞ்சா உங்க கெணத்துல தண்ணி நிக்குமா?"

அக்கா அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "ஓடைன்னு சொன்னா கவருமெண்டுல வேலி போட்டு அடைச்சுருவாகளாம்ல. அப்பறம் விடியக்காலம் பூவ எப்பிடி மார்க்கெட்டுக்குக் கொண்டு போறது?"

யாரோ கிளப்பிவிட்ட புரளி, ஊரே நம்பியிருந்தது. அப்படியெல்லாம் அடைக்க மாட்டார்கள் என்று தொண்டை வறளச் சொல்லியும் யாரும் கேட்கவில்லை. அறிக்கையில் நான் ஓடை என்றுதான் எழுதினேன். ஆனால் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் ஊரே ஒரே வாயாகப் பாதை என்று சொல்லிவிட்டால் என் ஒருத்தி பேச்சு எடுபடுமா?

ஊர்க்காரர்களின் கருத்தைக் கேட்க அதிகாரி வரும் நாளில், பந்தலைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மேலாளர் அது ரோடுதான் என்று காட்டுவதற்காக ஓடைக்குள்ளேயே பந்தல் போட்டிருந்தார். பிளாஸ்டிக் நாற்காலிகள், வெள்ளைத் துணி விரித்த மேஜை, தடபுடல்தான்.

ஊரில் வெயில் சுள்ளென்று அடித்தது. மலை உச்சி மட்டும் காலையிலிருந்தே கறுத்துக் கிடந்தது. மேலாளர் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மேடையேறி மைக்கைப் பிடித்தார். "இந்தச் சாலை..." என்று ஆரம்பித்தார். அப்போது சருகும் நுரையுமாக ஏதோ ஒன்று நாற்காலிகளுக்கு அடியில் ஊர்ந்து வந்தது.

"ஏலே, தண்ணிடா! புதுத் தண்ணி வருது!"

மைக்செட்டுக்காரர் பாய்ந்து வயரைப் பிடுங்கினார். பெண்கள் குலவையிட்டார்கள். தண்ணீர் கணுக்காலைத் தொடுவதற்குள் ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கரையேறிவிட்டோம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, கத்தியே விட்டேன்.

அதிகாரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிரித்தார். "இப்பச் சொல்லுங்க, இது என்ன?"

அக்கா மட்டும் இன்னும் தண்ணீரில் நின்றிருந்தார்.

"நாந்தான்யா பாதைன்னு சொன்னேன். பயந்துக்கிட்டுச் சொன்னேன். இது எங்க கண்மாய்க்குப் போற ஓடைய்யா. வண்டியக் கரை மேல தள்ளிக்கிட்டுக்கூடப் போயிருவோம். தண்ணியத் தள்ளிக்கிட்டு வர முடியுமா?"

"அம்மா சொன்னத அப்படியே எழுதிக்கங்க" என்று தன் உதவியாளரிடம் சொன்னார் அதிகாரி.

மேலாளர் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "நுழைவு வழிய வடக்க மாத்திக்கிறோம் மேடம். மொதல்ல என் ஷூவப் பிடிக்கச் சொல்லுங்க."

ஜோடி பிரியாமல் இரண்டு ஷூவும் கண்மாயைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன.